மரமஞ்சளும் பீலித் தண்ணீரும்

கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளில் தோட்ட லயமாயினும் கடைவீதியை அண்டிய முஸ்லிம் இல்லமாயினும், வயிற்றோட்டத்திற்கென ஒரு கைவைத்தியம் இல்லாத வீடு அரிது. கொய்யாக் குருத்து, மாதுளந்தோல், சாயம் கூடிய வெறுந்தேநீர் என்பவற்றோடு மரமஞ்சளும் இவ்வரிசையில் உண்டு. சிங்கள மக்கள் வெனிவெல்கெட்ட என அழைப்பது இதனையே. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும், இவையே போதுமென வைத்தியசாலைக்குச் செல்லாதிருப்போரும் ஒரே தவறையே செய்கின்றனர். இருசாராரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

சீனர்கள் பரீட்சித்துப் பார்க்கின்றனர். சொங் வம்சக் காலத்துக் குழந்தை வைத்தியர் சியன் யீயின் ஏழு சரக்குச் சூரணம் ஒன்றை ஹுனான் சீன மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டுள்ளனர். எலிகளின் குடல் பக்டீரியாக்களை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குலைத்து, வயிற்றோட்டத்தை உண்டாக்கி, சூரணம் கொடுத்த பின்னர் எவ்வகைப் பக்டீரியாக்கள் மீள்கின்றன என அவர்கள் ஆராய்கின்றனர். எலியில் கண்டது மனிதனுக்கு அத்தாட்சியாகாதுதான். ஆயினும் கேள்வி முறையாகக் கேட்கப்படுகின்றது.

மரமஞ்சளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பெர்பெரின், சீனர்கள் வயிற்றோட்டத்திற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஹுவாங்லியன் கிழங்கிலும் உள்ளது. இது குடலில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுவது ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது. குடல் பக்டீரியாக்களே அதனை உறிஞ்சத்தக்க வடிவிற்கு மாற்றுகின்றன எனச் சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். அதற்கு முன்னரே, 1987இல் வெளியான பங்களாதேஷ் ஆய்வொன்றில், ஈ.கோலை வகைப் பக்டீரியாவினால் வயிற்றோட்டம் கண்ட வளர்ந்த ஆண்களுக்கு 400 மில்லிகிராம் பெர்பெரின் ஒரே தடவையில் கொடுக்கப்பட்டது. 24 மணித்தியாலத்துள் குணமடைந்தோர் 42 சதவீதம். மருந்து பெறாதோரில் 20 சதவீதம். வாந்திபேதி நோயாளரிடத்தில் பயன் சொற்பமாகவே தென்பட்டது.

இப்பரீட்சை குழந்தைகளிடத்தில் நடத்தப்பட்டதன்று என்பதை அழுத்திக் கூற விரும்புகின்றோம். பச்சிளங் குழந்தைகளின் மஞ்சட்காமாலையைப் பெர்பெரின் தீவிரமாக்கக்கூடும். வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. ஆகவே கஷாயம் எதுவாயினும், ஜீவனிக் கரைசலும் தாய்ப்பாலும் தடைப்படலாகாது.

1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்கியது. கலஹாவுக்கு அண்மையில் பேராதனையில் மருத்துவ பீடம் உள்ளது. காடுகளில் அளவின்றி வெட்டப்பட்டு அருகிவரும் மரமஞ்சளைப் பயிரிட்டுக் காப்பதும், நாட்டு வைத்தியர்களின் மருந்துகளை மேற்படி பீடத்தின் துணையோடு பரீட்சிப்பதும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் கடமைக்கு அப்பாற்பட்டவை அல்ல.

எனினும், எந்த மூலிகையும் பீலித் தண்ணீரைச் சுத்திகரிக்காது. மலைச்சரிவின் மேல் லயத்து மலசலகூடக் கழிவு கீழ் லயத்துப் பீலிக்கு இறங்கும் வரை வயிற்றோட்டம் திரும்பத் திரும்ப வரும். 2025 நவம்பர் இறுதியில் கண்டி மாவட்டத்தைச் சிதைத்த டித்வா சூறாவளிக்குப் பின்னர் இவ்வாபத்து இன்னும் கூடியுள்ளது. தோட்டத்துள் செலவிட அதிகாரமில்லை எனப் பிரதேச சபைகள் முன்பு கூறிவந்தன. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு அச்சாட்டும் போயிற்று. பீலிகளின் நீரைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் லயங்களில் ஒட்டும் வேலையைச் சபைகள் இம்மழைக்காலத்திற்கு முன்னரே தொடங்கலாம்.