அட்டை கையில் இருக்கிறது, மருத்துவர் எங்கே இருக்கிறார்?

திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சிறுவாச்சூர் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் அதிகம். மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திறப்பது அந்த இரண்டு நாட்களில்தான். அந்தக் கூட்டத்தில் கோயிலுக்கு வராத சிலரும் நிற்பார்கள். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் பழைய மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ வைத்தியத்துக்குப் போகிறவர்கள் அவர்கள்.

அண்மையில் அப்படிப் போன ஒரு அம்மாவுடன் நாமும் போனோம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெங்காயக் காட்டில் களை வெட்டும் வேலை. சில மாதங்களாகக் கால் வீக்கம், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர் ஒரு தனியார் கிளினிக்கில் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். வரவேற்பில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்க செல்லாதும்மா, ஆபரேஷன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். டாக்டர் கட்டணமும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் சொன்ன தொகை மூன்று நாள் கூலிக்கு மேல். வெளியே வந்ததும் அந்த அம்மா நம்மிடம் கேட்டார்: "ஆபரேஷனுக்குத்தான் செல்லும்னா, ஆபரேஷன் வர்ற வரைக்கும் நான் என்னங்க பண்றது?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடுவதுதான் இந்த வாரப் பத்தி.

திட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஏழைகளுக்கான உயிர்காக்கும் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022இல் 1,20,000 ஆக உயர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் உள்ளன. இதனால் இதய அறுவை சிகிச்சையும் புற்றுநோய் சிகிச்சையும் பெற்றுப் பிழைத்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மூன்று விஷயங்களை யாரும் நம் மக்களிடம் விளக்கிச் சொல்வதில்லை. முதலாவது, இந்த அட்டையை ஏற்பது மருத்துவர் அல்ல, மருத்துவமனை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில்தான் அது செல்லும். அதே மருத்துவர் மாலையில் தன் கிளினிக்கில் உட்கார்ந்தால் அங்கே செல்லாது. இரண்டாவது, சேர்ந்த மருத்துவமனையிலும் எல்லாப் பிரிவுக்கும் செல்லும் என்று சொல்ல முடியாது. எலும்பு முறிவுக்குச் சேர்ந்த மருத்துவமனை பொது மருத்துவத்துக்குச் சேராமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டும் உள்ளன. மூன்றாவதுதான் முக்கியம். பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கே இந்தக் காப்பீடு. டாக்டரைப் பார்ப்பதற்கும், சீட்டு எழுதி வாங்குவதற்கும், மாதாமாதம் மாத்திரைக்கும் இதில் பொதுவாகப் பணம் கிடையாது.

வரவேற்பில் இருந்த பெண் பொய் சொல்லவில்லை. திட்டமே அப்படித்தான் இருக்கிறது.

பொது மருத்துவத்தில்தான் இடைவெளி

பொது மருத்துவர் பார்க்கும் நோய்கள் எவை? சர்க்கரை, ரத்த அழுத்தம், விடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஆஸ்துமா, இருதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு. இவற்றில் பெரும்பகுதி படுக்கையில் சேராமல், மாதம் ஒருமுறை பார்த்து, பரிசோதித்து, மருந்தை மாற்றிச் சமாளிக்க வேண்டியவை. அறுவை சிகிச்சைக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம். காய்ச்சலோடு வருகிறவருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே நாலு பரிசோதனை வேண்டும். நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க முடியும், அனுமதி கேட்க முடியும். அதுவரை ஆகும் செலவு யாருடையது என்பதில்தான் தனியார் மருத்துவமனைகள் தயங்குகின்றன, நோயாளியும் பாதியில் திரும்புகிறார்.

இதன் விளைவைப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்த பிறகு டயாலிசிஸ் செய்ய இந்தக் காப்பீட்டில் இடம் உண்டு. செயலிழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வெளிநோயாளி சிகிச்சைக்கு இடம் இல்லை. அந்த அம்மாவின் கேள்வி இதைத்தான் சுட்டியது.

இந்த இடைவெளியை அரசு அறியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. இது நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், அந்த மாத்திரை இன்னும் போதுமா, மாற்ற வேண்டுமா என்று சொல்ல மருத்துவர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.பி.பி.எஸ். மருத்துவர் இருக்கிறார். பொது மருத்துவ நிபுணரைப் பார்க்கப் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தாண்டித் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி உண்டு, அதுவும் சிறுவாச்சூரிலேயே உண்டு. ஆனால் அது தனியார் கல்லூரி.

இது ஏன் தலித் பிரச்சினை?

ஏழைகள் எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 31 சதவீதம், அரியலூரில் சுமார் 23 சதவீதம். மாநில அளவில் 20 சதவீதம். நம் மாவட்டத்தில் மூன்று பேரில் ஒருவர் நம் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் காடு கழனி, கல்குவாரி, செங்கல் சூளை, கட்டட வேலை என்று அன்றாடக் கூலியில் இருப்பவர்கள். குவாரித் தூசியைச் சுவாசிக்கும் நெஞ்சும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் சிறுநீரகமும் பொது மருத்துவரிடம் போக வேண்டியவை.

அந்தப் போக்குக்கு ஒரு விலை இருக்கிறது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நோயாளியும் துணைக்கு ஒருவரும் ஒரு நாள் மருத்துவமனை போனால் 672 ரூபாய் போயிற்று, பஸ் கட்டணமும் சாப்பாடும் தனி. இலவச வைத்தியத்துக்கே இவ்வளவு. 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று தள்ளிப் போடுவதை அறியாமை என்று சிலர் சொல்கிறார்கள். கூலி போய்விடும் என்ற கணக்கு அது.

வருமான வரம்பையும் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் 350 ரூபாய் கூலிக்கு ஆண்டில் 200 நாள் வேலை செய்தால் 1,40,000 ரூபாய். உண்மையான வருமானத்தைச் சொன்னால் அட்டை கிடையாது. வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டிய நிலை, யாருக்கு எப்படிப் பதில் கிடைக்கிறது என்பதையும் தீர்மானிக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தத் தெருவிலிருந்து மருத்துவமனைக்கு உள்ள தூரமும் குறைய வேண்டும்.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை

வெளிநோயாளி சிகிச்சைக்கும் சேர்த்துக் காப்பீடு கொடுப்பது நடக்காத காரியம் என்பார்கள். இந்தியாவில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி காய்ச்சலுக்கும் போய் மருந்து வாங்கலாம், விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு உதவித்தொகையும் பெறலாம். அந்தச் சட்டம் 1948இல் வந்தது. அதற்கு அடித்தளமான அடார்க்கர் அறிக்கை 1944இல் தரப்பட்டபோது, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவரே பல ஆண்டுகள் நீரிழிவு நோயால் அவதிப்பட்டவர். 1948இல் அவர் மணந்த சவிதா ஒரு மருத்துவர். தினமும் கவனிக்க ஆள் வேண்டிய நோய் எது என்பதை அவர் உடம்பாலேயே அறிந்திருந்தார். இ.எஸ்.ஐ. இன்று பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பதிவான நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு உண்டு. களை வெட்டும் அம்மாவுக்கு இல்லை.

தாய்லாந்தில் 2002இல் நாடு முழுவதும் வந்த '30 பாட்' திட்டம் வெளிநோயாளி சிகிச்சையையும் சேர்த்தே கொடுத்தது. பக்கத்து சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்போது அதுவும் பணக்கார நாடு அல்ல.

இப்போது என்ன செய்யலாம்?

திட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. பொது மருத்துவருக்கு முதலில் அரசு தலைமை மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவுக்குப் போங்கள், கட்டணம் இல்லை. சேர்க்கச் சொன்னால் அங்கேயும் காப்பீட்டு அட்டையைக் கொடுங்கள். அரசு மருத்துவமனைக்கும் காப்பீட்டுப் பணம் வரும், அது அந்த மருத்துவமனைக்கே பயன்படும். தனியாருக்குப் போவதானால் கிளம்பும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். 'இந்த மருத்துவமனையில் பொது மருத்துவத்துக்கு அட்டை செல்லுமா?' என்று பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், அதே எண்ணில் புகார் செய்யுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அட்டையிலும் பெயர் வராது. புதிதாக வந்த மருமகள், தனியாக இருக்கும் பாட்டி ஆகியோரின் பெயரை நோய் வரும் முன்பே சரிபாருங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அட்டை இருக்கிறது, எத்தனை பேர் சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மருந்து எடுக்கிறார்கள், கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள். நிபுணர் வாரம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும், அட்டை எந்தெந்தப் பிரிவுக்குச் செல்லும் என்று ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் தமிழில் பலகை வைக்க வேண்டும், நாள்பட்ட நோய்களுக்கு வெளிநோயாளி சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும், பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. குழுமூரில் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மதிப்பெண் எடுத்து, நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பர் 1 அன்று நாம் இழந்த பிள்ளை அவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020இல் வந்திருக்கிறது. அதில் போகும் பிள்ளைகளில் சிலராவது பொது மருத்துவம் படித்து நம் மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும்.

அந்த அம்மா மறுநாள் அரசு தலைமை மருத்துவமனைக்கு வந்தார். சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கியிருக்கிறது, மருந்தை விடாமல் எடுத்து மாதாமாதம் வந்து காட்டினால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். அடுத்த தேதி ஒரு வியாழக்கிழமை. அன்று வெங்காய அறுவடை இருக்கிறது என்று அவர் யோசித்தார். கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். நாமும் கூடப் போகிறோம்.