பேரேடு புதிது, பூட்டு பழையது!

பாங்கி முதலாளிகள் இப்போது புதிய மந்திரம் ஒன்றை ஜபிக்கிறார்கள். ‘பிளாக்செயின்’ என்பது அதன் பெயர். இனிக் கணக்கில் புரட்டு இராது, எல்லாம் வெட்டவெளிச்சம் என்கிறார்கள். யாருக்கு வெளிச்சம்? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

தோழர்களே! விஷயம் எளிதானது. ஒரே பேரேட்டின் பிரதியைப் பல கணினிகள் வைத்திருக்கின்றன. வரவு செலவுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டோடு முத்திரையிட்டுப் பிணைக்கிறார்கள். பழைய ஏட்டை எவனாவது திருத்தினால் முத்திரை பொருந்தாது, குட்டு உடைந்துவிடும்.

இம்முறை பிறந்த கதை என்ன? 2008-ல் அமெரிக்கப் பாங்கிகளின் வீட்டுக்கடன் சூதாட்டம் உலகையே கவிழ்த்தது. அவற்றைக் கைதூக்கிவிட அந்நாட்டு சர்க்கார் பொதுப்பணத்தில் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், பாங்கியே இல்லாமல் பணம் அனுப்பும் வழி என்று பிட்காயின் திட்டம் வெளியாயிற்று. பிட்காயினுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அது சூதாடிகளின் சரக்காகிவிட்டது. ஆனால் அதன் பேரேட்டில் ஒரு குணம் இருந்தது: யாரும் அதைப் பார்க்கலாம்.

பாங்கிகள் பேரேட்டை எடுத்துக்கொண்டன. அந்தக் குணத்தைக் கழற்றி எறிந்தன!

ஜே.பி.மார்கன் பாங்கியைப் பாருங்கள். வீட்டுக்கடன் பத்திரங்களை விற்ற விவகாரத்தில், 2013-ல் 1,300 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்ட பாங்கி அது. 2017-ல் அதன் தலைவர் ஜேமி டைமன், பிட்காயின் ஒரு மோசடி என்று முழங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் பாங்கி ‘குவோரம்’ என்ற சொந்தப் பிளாக்செயினைச் செய்து வைத்திருந்தது! 2019-ல் ‘ஜே.பி.எம். காயின்’ என்று சொந்த நாணயத்தையும் அறிவித்தது. யாருக்காக? பெரும் கம்பெனிகளுக்காக. 2025-ல் பொதுப் பிளாக்செயின் ஒன்றிலேயே தன் டெபாசிட் டோக்கனை இறக்கியது. சாலைதான் பொது, வண்டியில் ஏறும் சீட்டு பெரும் நிறுவனங்களுக்கே!

இது எங்கோ நியூயார்க்கில் நடக்கும் கூத்து என்று இருந்துவிட முடியாது. 2021-ல் நம் நாட்டிலும் ஸ்டேட் பாங்கி உட்பட 15 பாங்கிகள், உள்நாட்டு வர்த்தகத்தின் கடனுறுதிப் பத்திரங்களை இம்முறையில் கையாள ஒரு கம்பெனி தொடங்கின.

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். போலிப் பத்திரத்தைத் தடுக்க முடியுமானால் தடுக்கட்டும். ஆனால் களத்தில் நெல் அளந்தவர்களுக்குத் தெரியும்: மரக்கால் புதிதா பழையதா என்பதல்ல கேள்வி, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. திருத்த முடியாத பேரேடு நாணயத்துக்குச் சாட்சியாகிவிடாது. பொய்யை எழுதினால், அந்தப் பொய்யும் திருத்த முடியாமல் நிற்கும்!

பாங்கியில் கிடப்பது உழைப்பவன் சேமித்த பணம். அதை எந்த முதலாளிக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு திரும்பிற்று, எவ்வளவு தள்ளுபடியாயிற்று? வெளிச்சம் வெளிச்சம் என்கிறார்களே, முதலில் அந்த ஏட்டில் விழட்டும் வெளிச்சம்!

பேரேட்டை மாற்றினால் போதாது. பூட்டைத் திற!