இரண்டாவது பெண் எங்கே?



"திறமை இருந்தால் பெண்கள் தாமாகவே மேலே வருவார்கள், இட ஒதுக்கீடு எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இதற்கு அயர்லாந்தின் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

கொன்ஸ்டன்ஸ் மார்கிவிச் 1868 இல் வசதியான நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1913 இல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தபோது, பசித்திருந்த குடும்பங்களுக்கு உணவு கொடுக்கும் பணியில் நின்றார். 1916 இல் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சியில் ஆயுதம் ஏந்தினார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, பெண் என்பதால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1918 டிசம்பரில் லண்டன் ஹொலோவே சிறையில் இருந்தபடியே பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அப்படித் தெரிவான முதல் பெண் அவர்தான். ஆனால் அங்கே போய் அமரவில்லை. அயர்லாந்து தனக்கென அமைத்த சபையில் 1919 இல் தொழில் அமைச்சரானார்.

இவரைவிடத் திறமைக்கு என்ன சான்று வேண்டும்? ஆனால் அவருக்குப் பின் அந்நாட்டு அமைச்சரவையில் இன்னொரு பெண் அமர்ந்தது 1979 டிசம்பரில்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவர்கூட இல்லை!

இடையில் அங்கே திறமையான பெண்கள் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். சட்டம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. புதிதாகத் தொழிலுக்கு வந்த ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகள் திருமணம் முடித்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1930களில் தொடங்கி 1958 வரை இருந்தது. அரச அலுவலகப் பெண்களுக்கு அது 1973 வரை நீடித்தது. ஓர் ஆசிரியராக இதை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. எத்தனை நல்ல ஆசிரியைகளை அந்நாட்டுப் பிள்ளைகள் இழந்திருப்பார்கள்!

1979 இல் அமைச்சரான மாய்ரா கேகன் குவின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். தந்தை காலமானதால் வெற்றிடமான ஆசனத்துக்கு 1975 இடைத்தேர்தலில் தெரிவானார். அவருக்கும் குடும்பப் பெயர்தான் கதவைத் திறந்தது. அது இல்லாத பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்?

அயர்லாந்து 2012 இல் சட்டம் கொண்டு வந்தது. வேட்பாளர்களில் 30 வீதம் பெண்களை நிறுத்தாத கட்சிக்கு அரச நிதியில் பாதி வெட்டப்படும் என்று அது முதலில் விதித்தது. 2011 இல் 166 பேர் கொண்ட சபையில் 25 பெண்கள். 2016 இல் 158 பேரில் 35 பெண்கள். ஐந்தே வருடத்தில் பெண்களின் திறமை திடீரெனக் கூடிவிடவில்லை, கட்சிகளின் பழக்கம்தான் மாறியது.

ஒதுக்கீடு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெயருக்கு ஒருவரை நிறுத்தும் ஏமாற்றும் நடக்கும். ஆனாலும் "முதல் பெண்" என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அடுத்தவர் வரும் வழியை அடைத்து வைப்பது கௌரவம் அல்ல. அடுத்த முறை எந்தச் சபையில் அப்படிக் கைதட்டினாலும், இரண்டாவது பெண் எங்கே என்றும் கேளுங்கள்.