வாயில் வைக்க முடியாத டின்னர்... அதற்கு சர்வீஸ் சார்ஜ் வேறயா?

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பல பனியன் கம்பெனிகளில் இன்னமும் வாரச் சம்பளம்தான். அன்று ராத்திரி அவிநாசி ரோடு, பி.என். ரோடு, காங்கேயம் ரோடு என எந்தப் பக்கம் போனாலும் ஓட்டல் வாசலில் பைக் நிறுத்த இடம் இருக்காது.

போன மாதம் அப்படி ஒரு சனிக்கிழமை, எங்கள் ஏரியா 'ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' ஒன்றுக்கு நாலு பேர் போனோம். பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரம் கழித்து வந்த நான், பிய்த்தால் ரப்பர் மாதிரி இழுத்தது. பனீர் பட்டர் மசாலா, காளான் மசாலா, சிக்கன் கிரேவி மூன்றும் ஒரே நிறம், ஒரே இனிப்பு. கேட்டால், "இன்னைக்குக் கொஞ்சம் ரஷ்ஷுங்ண்ணா" என்றார் சப்ளையர். அவரைச் சொல்லி என்ன பயன்?

மூன்றும் ஒரே மாதிரி இருந்ததற்குக் காரணம் எளிது. வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்து மொத்தமாகக் காய்ச்சிய பேஸ் கிரேவி. ஆர்டர் வந்ததும் அதில் பனீரைப் போட்டால் ஒரு பெயர், காளானைப் போட்டால் இன்னொரு பெயர். இது தப்பில்லை, பெரிய ஓட்டல்களிலும் உண்டு. ஆனால் மெனு கார்டில் 200 ஐட்டம் போட்டுவிட்டு, அத்தனைக்கும் இரண்டே அண்டா கிரேவி என்றால் நாக்கு கண்டுபிடித்துவிடும். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை இருந்தாலே பள்ளிபாளையம் சிக்கன் அசத்தலாக வரும் ஊர் இது. பதினைந்து ஐட்டத்தை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

சரி, ருசி இல்லை என்று வழக்குப் போட முடியாது. பில் விஷயம் அப்படியில்லை.

எங்கள் பில்லில் 10% 'சர்வீஸ் சார்ஜ்' ஏறியிருந்தது. அதையும் சேர்த்துதான் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் அரசு வரி அல்ல, ஓட்டலே போடுவது. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கேஷ் கவுன்ட்டரில் இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். பக்கத்து டேபிள்காரர்கள் கேட்கவில்லை, கட்டிவிட்டுப் போனார்கள்.

ஜிஎஸ்டியையும் ஒரு பார்வை பாருங்கள். தெருமுனை ரெஸ்டாரன்ட்டில் 5% தான், அதாவது மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5. பில்லில் 33 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள சிறிய ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரியே வாங்கக் கூடாது. இந்தக் குழப்பத்தில் ஓட்டல்காரர்களுக்கும் தலைவலி உண்டு. பன்னுக்கு ஒரு வரி, கிரீம் வைத்த பன்னுக்கு ஒரு வரியா என்று 2024-ல் கோவையில் எழுந்த கேள்வி ஞாபகம் இருக்கும்.

பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் கட்டாயம், 2022 ஜனவரி முதல். கெட்டுப்போன கறி, கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கலர் என்றால் ஒரு போட்டோ எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். பில் தகராறுக்கு 1915.

"சர்வீஸ் சார்ஜ் ஊழியருக்குத்தானே போகுது" என்பார்கள். போகிறது என்று எந்த பில்லும் காட்டுவதில்லை. ராத்திரி பதினோரு மணி வரை ஓடி ஓடிப் பரிமாறுகிறவருக்குக் கொடுக்க நினைத்தால், அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.