முதுவேனில் மலர்கள்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஆனி, ஆடி ஆகிய இரு திங்களையும் முதுவேனில் என்றனர். கத்தரி வெயில் கழிந்த பின்னும் வெப்பம் தணியாமல், மேல்காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் காலம் இது. எனினும் வீட்டுத் தோட்டத்தை நோக்குங்கள். செம்பருத்தி சிவக்கிறது, அரளி கொத்துக் கொத்தாக மலர்கிறது, சங்குப்பூ வேலியெங்கும் நீலமாய்ப் படர்கிறது. முதுமை எய்திய வேனிலுக்கும் இத்தனை வண்ணம் உண்டு.

இதனை எழுதத் தூண்டியவர், எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். சொந்த வீட்டில் இருந்தவரை, வெள்ளிதோறும் தம் தோட்டத்து மலர்களைத் தொடுத்துச் சிவாலயத்திற்கு அளித்து வந்தவர். கணவர் மறைந்த பின், மகனுடைய அடுக்குமாடி இல்லத்திற்கு வந்தார். மூன்றாம் மாடி, முழங்கால் வலி. "பூ வாங்கிக் கொடுக்கப் பணம் இருக்கிறது. பறித்துக் கொடுக்கத்தான் ஒரு செடி இல்லை. இனி நான் எதற்கு இருக்கிறேன்?" என்று அவர் வினவியபோது, உடனே விடை கூற இயலவில்லை.

பின்னர் முருக நாயனாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. திருப்புகலூரில் வாழ்ந்த அப்பெருமகனார், வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குத் திருப்பள்ளித்தாமம் சாத்தி வந்ததைச் சேக்கிழார் பெருமான் போற்றுகிறார். ஐந்தெழுத்தை ஓதியபடி நாள் தவறாமல் பூத்தொடுத்த தொண்டே அவருடைய தவம். "நால்வகைப் பூவுக்கு நான்கு தொட்டிகள் போதுமே, அம்மா" என்றேன்.

தை மாதத்தில் மகன் தொட்டிகளை வாங்கி வந்தார். கிளையில் மலரும் கோட்டுப்பூவுக்குச் செம்பருத்தி, நிலப்பூவுக்கு வாடாமல்லி. கொடிப்பூவுக்குச் சங்குப்பூ விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றி, பால்கனிக் கம்பியில் படரவிட்டனர். நீர்ப்பூவுக்கு வாயகன்ற தொட்டியில் அல்லிக் கிழங்கு. கொசுப்புழுக்களைத் தின்ன அதில் சில கப்பி மீன்கள்.

இப்பருவத்தில் மண்தொட்டி விரைந்து உலரும். காலையும் மாலையும் ஈரம் பார்த்து நீர் வார்த்தல் வேண்டும். அடியிலுள்ள துளை அடைபட்டு நீர் தேங்கினாலோ வேர் அழுகிவிடும். செம்பருத்தியில் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி படர்ந்தால், வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து, நீர் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். செம்பருத்தி பெரும்பாலும் ஒருநாள் மலர். அன்று மலர்ந்ததை அன்றே சாத்திவிட வேண்டும்.

இந்த முதுவேனிலில் மூன்று தொட்டிகள் பூத்தன. முதல் வெள்ளியன்று கிடைத்தவை இரண்டு செம்பருத்தியும் ஐந்து சங்குப்பூவுமே. தொடுத்தால் ஒரு சாண் சரம்கூடத் தேறாது. இதையா அனுப்புவது என்று அம்மையார் கூசினார். பேரன் அவற்றை வாழையிலைத் துண்டில் எடுத்துச் சென்றான். குருக்கள் சிவலிங்கத் திருமுடியில் சாத்தியதைக் கண்டு வந்து சொன்னான். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, தொட்டிகளுக்கு நீர் வார்க்க எழுந்தார்.

அல்லி மட்டும் இன்னும் மலரவில்லை. அதற்கு நல்ல வெயில் வேண்டும். அங்கு விழுவதோ காலை வெயில் சிறிதளவே. மொட்டைமாடிக்குக் கொண்டுசெல்லலாம் என்று மகன் கூறியும் அம்மையார் இசையவில்லை. "என் கண்முன்னே இருக்கட்டும். இலை விட்டிருக்கிறது, ஒருநாள் பூக்கும். முன்பு எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். இப்போது, இது பூக்கும்வரை இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது" என்றார்.

அன்பர்களே, ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் மரபு. ஆடிப் பதினெட்டில் ஊன்றும் வாடாமல்லி விதை, நவராத்திரியை ஒட்டி மலரத் தொடங்கும். இல்லத்தில் ஒரு தொட்டிக்காவது இடம் தேடுங்கள். ஆலயம் வரை நடக்க இயலாத நாளிலும், நம் கை வளர்த்த மலர் நமக்காக இறைவன் திருவடி சென்று சேரும்.