சொன்னது வேதம், எழுப்பியது சுவர்

சமய நல்லிணக்க மேடை எதுவானாலும் அந்த வாக்கியம் வந்தே தீரும்: "எல்லா மதமும் நல்லதைத்தான் சொல்லுது, மனுஷன்தான் கேக்க மாட்டேங்கிறான்." காவி வேட்டியும் வெள்ளை அங்கியும் தொப்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கூட்டம் கைதட்டுகிறது. நீதிபோதனை வகுப்பிலிருந்து பட்டிமன்றம் வரை இதை மறுத்துப் பேசுவதே பண்பில்லாத காரியம் என்று ஆகிவிட்டது. சொல்பவர்களின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த வாக்கியம் பொய். நியாயம் கேட்டு வருகிறவனின் வாயை அடைக்க இதைப்போல் வசதியான பொய் வேறு கிடையாது.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர் என்று இன்றும் போற்றப்படுகிறவர், 1752இல் கொல்லப்பட்டார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரின் பின்னால் இருந்த 'பிள்ளை'யை வாடிகன் விட்டுவிட்டது. அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872இல் திருக்குடும்ப ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று. அதிலிருந்து கவைக்கொம்பு போல இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து போயின. ஒன்றில் வெள்ளாளர் முதலிய சாதியார், மற்றொன்றில் நாடார் முதலிய சாதியார். இடையில் சுவர். பீடத்தில் நிற்கிற சாமியார் இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம். இந்தப் பக்கம் முழந்தாளிட்டவர் அந்தப் பக்கம் முழந்தாளிட்டவரைப் பார்க்க முடியாது. உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற போதனை ஒரே குரலில் இரண்டு கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதை 'மனிதனின் பலவீனம்' என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா? கோபத்தில் ஒருவன் கையை ஓங்குவது பலவீனம். ஒரு கோயில் அப்படி எழுவதில்லை. அதற்கு வரைபடம் போட வேண்டும், காசு வசூலிக்க வேண்டும், கொத்தனார் மாதக்கணக்கில் கல்லடுக்க வேண்டும், மேலிடம் சம்மதிக்க வேண்டும், கடைசியில் வேதமந்திரம் சொல்லித் திறந்துவைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நல்லவர்களாகவும் இருந்திருப்பார்கள்.

1910இல், கௌசானல் அடிகளார் காலத்தில், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் எழுந்தபோது வாசித்ததும் இடிந்தபோது வாசித்ததும் ஒரே பைபிள். ஒருவர் கடப்பாரையை எடுக்கத் துணிந்தார், நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை, நீதிமன்றம் எதிர்த்தரப்புக்குப் பணியவில்லை. மாறியது இவ்வளவுதான். சுவரை எழுப்பியவர்களைப் போலவே இடித்தவரும் விசுவாசிதான் என்பதை நான் மறைக்கவில்லை. என் வாதமே அதுதான். ஒரே வேதத்திலிருந்து இரண்டு காரியங்களும் வரமுடியும் என்றால், எது நடக்கும் என்பதை வேதம் தீர்மானிக்கவில்லை.

சரி, எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்பதாவது உண்மையா? வட்டியைப் பாருங்கள். இஸ்லாம் வட்டியை ஒட்டுமொத்தமாக விலக்குகிறது. யூதர்களின் உபாகமம், சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. மனுஸ்மிருதி வருணத்துக்கு ஒரு விகிதம் வைக்கிறது: மாதத்துக்குப் பிராமணனிடம் நூற்றுக்கு 2, சத்திரியனிடம் 3, வைசியனிடம் 4, சூத்திரனிடம் 5. கடனை அடைக்கச் சக்தி குறைந்தவனிடம் அதிக வட்டி! இந்த மூன்றையும் படித்துவிட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்கிறவர், அந்த ஐந்து வட்டி கட்டியவனின் பக்கமிருந்து ஒருநாளும் பார்க்கவில்லை.

பத்துக் கட்டளைகளில் பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே என்னும் கடைசிக் கட்டளையையும் முழுதாகப் படிக்க வேண்டும். பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. வேலைக்காரன் என்று தமிழில் படிக்கிறோமே, அது கூலி வாங்குகிற வேலைக்காரன் அல்ல, அடிமை. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் பைபிளை மறைத்துவைக்கவில்லை. மேடையில் விரித்துவைத்து மேற்கோள் காட்டினார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில் பிரிந்துவந்துதான் 1845இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை உருவானது. அது மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆயிற்று. சவூதி அரேபியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1962இல், மொரிட்டேனியாவில் 1981இல். அங்கே வேளை தவறாமல் தொழுகை நடந்துகொண்டுதான் இருந்தது.

பௌத்தம் விதிவிலக்கு என்று நம்புகிறவர்கள் உண்டு. சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் நாவிதர் உபாலிக்குத் துறவு கொடுத்தவர் புத்தர் என்று அதன் மரபே சொல்கிறது. ஆனால் இலங்கையில், அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் முழுத்துறவுச் சடங்கை மீட்க 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துத் தொடங்கிய சியாம் நிகாயம் என்ற துறவியர் பிரிவு, சில ஆண்டுகளிலேயே உயர்சாதியான கொவிகமவினருக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. ஒதுக்கப்பட்ட சலாகம சாதியார் பர்மாவின் அமரபுரத்துக்குக் கப்பலேறிப் போய்த் துறவு வாங்கி வந்து, 1803இல் தனி நிகாயம் தொடங்கினார்கள். பஞ்சசீலம் இரு தரப்புக்கும் ஒன்றே.

நம் கோயில்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்று 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. 1939 ஜூலையில் காந்தியவாதி வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அதற்குப் பின்னால் அவசரமாக ஒரு சட்டம் அரணாக நிற்க வேண்டியிருந்தது. 2023இல்கூட விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் திரௌபதியம்மனைக் கும்பிட வந்ததற்காகத் தகராறு மூண்டு, அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள்.

"அதெல்லாம் சாதியின் குற்றம், மதத்தின் குற்றமல்ல" என்பார்கள். இந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று கவனியுங்கள். ஒரு கன்னியாஸ்திரீ தொழுநோயாளியின் புண்ணைக் கழுவினால் அது மதத்தின் வரவு. ஒரு மடம் அன்னதானம் போட்டால் மதத்தின் வரவு. கல்லறையில் சுவர் எழுந்தால் மட்டும் அது மனிதனின் பற்று. வரவு முழுவதும் ஒருவர் பேரிலும் செலவு முழுவதும் இன்னொருவர் பேரிலும் எழுதினால், அந்தப் பேரேட்டை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பவர்கள் மேடையில் இருப்பதில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் குழிகளைப் பிரித்துக்கொண்டு ஒரு சுவர் நின்றது. தகப்பனைப் புதைத்துவிட்டு வருகிற மகன், "ஏன் சாமி எங்களுக்கு மட்டும் அந்தப் பக்கம்?" என்று கேட்டால், "திருச்சபை அப்படிச் சொல்லவில்லையேப்பா, எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்" என்பதுதான் பதில் என்றால், அவன் எங்கே போய் முறையிடுவான்? சொன்னது தப்பு என்றால் எதிர்த்து வாதாடலாம். சொன்னது சரி, செய்தது யாரோ என்றால் பிடித்து நிறுத்த ஆளே இல்லை. 2016இல்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தீண்டாமை தங்கள் சபைக்குள் இருப்பதை ஒரு கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அப்படி ஒப்புக்கொள்ள வைத்தவர்கள், நல்லிணக்க மேடைக்கு வெளியே நின்று பல ஆண்டுகள் கத்திய தலித் கிறிஸ்தவர்கள்.

ஆகவே ஒரு மதம் என்ன போதிக்கிறது என்று இனி அதன் குருமாரிடம் கேட்க வேண்டாம். அதன் சுடுகாட்டுக்கும் கல்லறைக்கும் போய் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று பார்ப்போம். கருவறைக்குள் யார் போகலாம், தேர்வடம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் யார் வாய் திறக்கிறார்கள், ஜமாஅத் கூட்டத்தில் பெண்ணுக்கு இடம் உண்டா, விகாரையில் யாருக்குத் துறவு கிடைக்கும் என்று விசாரிப்போம். அடுத்த நல்லிணக்க விழாவுக்கு அழைப்பு வந்தால், மூன்று சமயப் பெரியவர்களும் தத்தம் நிறுவனத்தில் இந்த ஆண்டு எந்தப் பூட்டைத் திறக்கப் போகிறார்கள் என்று தேதியோடு எழுதிக்கொண்டு வரட்டும். அதை மேடையில் வாசிக்கும்போது கைதட்டுவோம்.