அணைக்குக் கீழே குடியிருப்போரின் கோரிக்கைச் சாசனம்

நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேயும், அணைக்கு மேலே திருப்பூர் நகருக்குள் நொய்யலில் வந்து சேரும் ஜம்மனைப் பள்ளம், சங்கிலிப்பள்ளம் ஓரங்களில் சிறு கரைகளுக்குக் கீழேயும் குடியிருக்கும் நாங்கள், மாவட்ட ஆட்சியரிடமும் நீர்வளத் துறையிடமும் மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பிடமும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. தேங்கியதோ சாயக்கழிவு. ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள்; 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அணைத் தண்ணீரின் தரம் பற்றி ஊரே பேசியது. கரை உடைந்தால் எந்தெந்த வீடு போகும் என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அணையின் ஆபத்து வகைப்பாடு என்பது கட்டுமானத்தின் பலத்துக்குப் போடும் மதிப்பெண் அல்ல. உடைந்தால் கீழே எத்தனை உயிர், எத்தனை வீடு, எவ்வளவு விளைநிலம் போகும் என்ற கணக்கு அது. அணையில் ஒரு கல்லும் அசையாமலே, கீழே நான்கு வரிசை லைன் வீடு எழும்பினால் ஆபத்து கூடிவிடும். பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் வாடகை குறைவென்று பள்ளத்தோரத்தில்தான் குடியேறுகிறார்கள். 2011 நவம்பரில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதும் பள்ளத்தோரக் குடியிருப்புகளில்தான்.

ஆகவே முதல் கோரிக்கை: ஒரத்துப்பாளையம் அணையின் வகைப்பாட்டையும், உடைந்தால் நீர் பாயும் பரப்பின் வரைபடத்தையும் கீழுள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அடியில் படிந்த கழிவுச் சேறு எந்த வயலில் போய் இறங்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. முழு ஆய்வுக்கும் அவசரகாலச் செயல்திட்டத்துக்கும் அது தந்த கெடு ஐந்தாண்டு. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்கக் கூடாது.

அந்தச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள அணைகளைத் தொடுவதில்லை. அந்த உயரத்தை எட்டாத குளக்கரை, தடுப்பணை, தோட்டத்திலும் ஆலை வளாகத்திலும் தனியார் கட்டிய நீர்த்தேக்கம் எல்லாம் அதற்கு வெளியே. தனியார் சொத்து என்பதால் வெள்ளம் வேலிக்குள் நிற்காது. அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் 1889 மே 31 அன்று 2,209 பேரைக் கொன்றது, செல்வந்தர்களின் கிளப் ஒன்று வைத்திருந்த அணை. எனவே உயரம் பார்க்காமல், கீழே ஆள் குடியிருக்கும் ஒவ்வொரு கரைக்கும் மாவட்டப் பதிவேடு வேண்டும். உரிமையாளர் யார், மதகைத் திறக்கும் பொறுப்பு யாருடையது, கடைசியாகப் பார்வையிட்டது எப்போது என்பதெல்லாம் அதில் பதிவாக வேண்டும். பராமரிப்புச் செலவு உரிமையாளருடையது.

கீழ்ப்பகுதியில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரும்போதெல்லாம் வகைப்பாட்டைத் திருத்துங்கள்.

எச்சரிக்கை தமிழில் மட்டும் போதாது. வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரைக் குறுஞ்செய்தி எழுப்பாது. சைரன் வையுங்கள், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் லைன் வீடுகளில் ஒருமுறையாவது ஒத்திகை நடத்துங்கள்.